ஐந்து மார்க்குக்கு எத்தனை பக்கம்?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்குகிறது. சமூக அறிவியலில் பெரிய விடை எழுதுவது பற்றி ஓமலூர் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கிரிக்கெட், சினிமா, அரசியல் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் யாரும் உங்களுக்குப் பரீட்சை வைக்கப்போவதில்லை.

● ஐந்து மார்க் கேள்விக்கு எத்தனை பக்கம் எழுதினால் முழு மார்க் போடுவார்கள்?
– பத்தாம் வகுப்பு மாணவன், ஓமலூர்

பக்கத்தை விடு தம்பி, கடிகாரத்தைப் பார். ஒரு மார்க் 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, எட்டு மார்க் 2. கூட்டினால் 100. எழுதக் கிடைப்பது மூன்று மணி நேரம். ஒரு மார்க் எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் முடித்துவிடு. இரண்டு மார்க் ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் வீதம் அரை மணி. எட்டு மார்க் இரண்டுக்கும் சேர்த்து அரை மணி. திருப்பிப் பார்க்கப் பத்து நிமிடம் எடுத்து வை. மிச்சம் 100 நிமிடம், பத்துக் கேள்வி. ஆக, ஐந்து மார்க்குக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் உன் கை எவ்வளவு ஓடுமோ அதுதான் அளவு. பெரும்பாலான கைகளுக்கு ஒன்றேகால், ஒன்றரைப் பக்கம். முதல் கேள்விக்கு நாலு பக்கம் எழுதிவிட்டுக் கடைசிக் கேள்விக்கு நாலு வரியோடு எழுந்து வருகிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். நாலு பக்கம் எழுதினாலும் போடுவது அதே ஐந்துதான்.

● ஹிட்லரும் முசோலினியும் எங்கேயோ சண்டை போட்டதை ஓமலூரில் உட்கார்ந்து நான் எதற்குப் படிக்க வேண்டும்?
– மாணவி, காடையாம்பட்டி

ஜவ்வரிசிப் பாயசம் பிடிக்குமா? அப்படியென்றால் படிக்கத்தான் வேண்டும். ஒரு காலத்தில் ஜவ்வரிசி நம் ஊர்ச் சரக்கே இல்லை. மலேயாப் பக்கத்தில் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து மாவெடுத்து, உருட்டி, கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலேயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. கப்பல் நின்றது, ஜவ்வரிசியும் நின்றது. அந்தத் தட்டுப்பாட்டில்தான் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவைக் கொண்டு ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இன்று உங்கள் காட்டில் குச்சிக்கிழங்கு நட்டிருக்கிறார்கள் என்றால், ஆலைக்காரர் அதை வாங்க லாரி அனுப்புகிறார் என்றால், 1981ல் ஆலைக்காரர்களுக்காக 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் வந்தது என்றால், கதை தொடங்கிய இடம் இரண்டாம் உலகப்போர்.

இதைப் பரீட்சையில் எழுதிவிடாதே கண்ணு. போரின் விளைவுகளைக் கேட்டால் ஐ.நா. சபை, பனிப்போர், காலனி நாடுகளின் விடுதலை என்றுதான் எழுத வேண்டும். ஆனால் ஜப்பான் எந்த வருஷம் எங்கே இறங்கியது என்பது இனி உனக்கு மறக்காது. பாயசம் சாப்பிடும்போதெல்லாம் ரிவிஷன்.

● புத்தகத்தில் பத்தி பத்தியாக இருக்கிறது. கைடில் பன்னிரண்டு பாயிண்ட்டாகப் போட்டிருக்கிறது. எதைப் படிப்பது?
– மாணவன், தாரமங்கலம்

புத்தகத்தைப் படி, பாயிண்ட்டை நீயே போடு. கைடு எழுதியவர் அந்தப் பத்தியைப் படித்துப் பாயிண்ட் போட்டார். பாடம் அவருக்கு நன்றாக மனதில் பதிந்துவிட்டது. பரீட்சை எழுதப்போவது அவர் இல்லையே!

இன்னொரு சங்கதி. பன்னிரண்டு பாயிண்ட்டில் ஏழாவது மறந்துபோனால், எட்டாவதும் வராமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். எதனால் எது வந்தது என்று தெரிந்திருந்தால் ஒன்று விட்டுப்போனாலும் அடுத்தது வந்து நிற்கும்.

● என் மகள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சத்தம் போட்டுப் படிக்கிறாள். பக்கத்து வீட்டுப் பையனுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அவளுக்கு மட்டும் பரீட்சை ஹாலில் வரமாட்டேன் என்கிறது.
– ஓர் அம்மா, தொளசம்பட்டி

அவள் படிப்பதைத்தான் பழகியிருக்கிறாள் அம்மா, எழுதுவதை இல்லை. பரீட்சை ஹாலில் புத்தகம் இருக்காது, வெள்ளைத்தாள்தான் இருக்கும். வீட்டிலும் அப்படியே ஒரு தடவை உட்கார வையுங்கள். ஒரு பாடம் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, பழைய நோட்டின் பின்பக்கத்தில் அந்தப் பாடத்தில் என்னென்ன தலைப்பு, யார், எந்த வருஷம், எந்த ஊர் என்று நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். முதல் நாள் பாதிகூட வராது. அழுவாள். அழட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவில் சேர்க்கட்டும். மறுநாள் அந்தச் சிவப்பை மட்டும் பார்த்தால் போதும். ஒரு வாரம் கழித்து அதே பாடத்துக்கு மறுபடி ஒரு வெள்ளைத்தாள். சிவப்பு குறைந்துகொண்டே வருவது அவள் கண்ணுக்கே தெரியும்.

வாரத்துக்கு இரண்டு விடையாவது கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுதாக எழுத வேண்டும். நாலு மணிக்குத்தான் எழ வேண்டும் என்று எந்தப் பாடத்திட்டத்திலும் சொல்லவில்லை. தூங்க விடுங்கள். பக்கத்து வீட்டாரும் தூங்குவார்கள்.

● கேள்வி நன்றாகத் தெரிந்தும் பாதி மார்க்தான் வருகிறது. திருத்துகிறவர்களுக்கு என்மேல் என்ன கோபம்?
– மாணவன், முத்துநாயக்கன்பட்டி

திருத்துகிறவருக்கு உன் பேரே தெரியாது, கோபம் எங்கிருந்து வரும்? கேட்ட கேள்விக்கு எழுதாமல் தெரிந்த கேள்விக்கு எழுதியிருப்பாய்.

'சட்டமறுப்பு இயக்கத்தில் தமிழ்நாட்டின் பங்கு' என்று கேட்டால் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? சபர்மதியில் காந்தியோடு கிளம்பி, ஒவ்வோர் ஊராக நடந்து, தண்டி போய்ச் சேருவதற்குள் ஒரு பக்கம் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் நினைவு வந்து, 'தமிழ்நாட்டிலும் இதுபோல் நடைபெற்றது' என்று ஒற்றை வரி. கேட்டதே அந்த ஒற்றை வரியைத்தான்!

தண்டிக்கு ஒரு வாக்கியம் போதும். உடனே திருச்சிக்கு வா. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து கிளம்பினார்கள், 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். அந்த நடைக்கென்றே பாட்டு எழுதிக் கொடுத்தவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ.ராமலிங்கம் பிள்ளை. தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று எச்சரித்தும் வழியில் ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள். வேதாரண்யத்தில் உப்பு அள்ளி ராஜாஜி சிறை போனார். இது முதல் பத்தி. சென்னையில் டி.பிரகாசமும் நாகேஸ்வர ராவும் உதயவனத்தில் முகாம் போட்டது இரண்டாவது. 1932 ஜனவரியில் திருப்பூரில் கொடியோடு அடிபட்டு உயிர்விட்ட குமரன் மூன்றாவது. அதே மாதம் 26ஆம் தேதி புனித ஜார்ஜ் கோட்டைக் கம்பத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றிய ஆர்யா என்கிற பாஷ்யம் நாலாவது. ஊர், ஆள், தேதி மூன்றும் ஒவ்வொரு பத்தியிலும் இருந்தால் திருத்துகிறவர் பேனா தானாக டிக் போட்டுக்கொண்டே போகும்.

கேள்வியின் கடைசி வார்த்தையையும் கவனி. 'காரணங்கள் யாவை' என்றால் நடந்த கதை வேண்டாம். 'விளைவுகளை விவரி' என்றால் காரணம் வேண்டாம். 'வேறுபடுத்துக' என்றால் நடுவில் கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுது. ஒன்றை முழுதாக எழுதிவிட்டு அடுத்ததை எழுதினால் அது இரண்டு தனித்தனிக் குறிப்புதான்.

● என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. மார்க் குறையுமா?
– மாணவி, நாமக்கல்

முட்டையால் பிழைக்கிற மாவட்டத்திலிருந்து கோழியைக் குறை சொல்லலாமா? எழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை, பிரித்துப் படிக்கும்படி இருந்தால் போதும். வார்த்தைக்கு நடுவே இடம் விடு, பத்திக்கு நடுவே ஒரு வரி விடு, வருஷத்தின் இலக்கங்களை மட்டும் தெளிவாகப் போடு. உன் 1 என்பது 7 மாதிரி இருந்தால், 1911 டெல்லி தர்பார் 1977க்குப் போய்விடும்.

● வரலாறு கதையாக இருக்கிறது, பொருளியல் வரியாக இருக்கிறது. கணக்கில் சென்டம் வாங்குகிற எனக்கு இரண்டும் ஒட்டவில்லை.
– மாணவன், ஓமலூர்

கணக்குக்காரனுக்கு ஏற்ற மாதிரி ஒன்று தருகிறேன், படிப்படியாக.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். மதுவிலக்கு என்பது காங்கிரசின் வாக்குறுதி. மாகாணம் முழுக்க ஒரேயடியாகப் போட்டால் கஜானா தாங்காது. கள், சாராய வரி அரசுக்குப் பெரிய வருமானம். அதனால் ஒரு மாவட்டத்தில் தொடங்கலாம் என்றார். எந்த மாவட்டம்? தான் வக்கீலாக இருந்த, நகரசபைத் தலைவராக இருந்த சேலம். 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு வந்தது. குடி நின்றது, வரியும் நின்றது. அந்த ஓட்டையை அடைக்க 1939ல் விற்பனை வரி கொண்டுவந்தார். வியாபாரிகள் கத்தினார்கள், ஆனாலும் வரி நிலைத்துவிட்டது. மற்ற மாகாணங்களும் அதைப் பிடித்துக்கொண்டன. அந்த வரியின் வழித்தோன்றல்கள் மதிப்புக்கூட்டு வரி வரை வந்து, 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி.யில் கரைந்தன.

வரலாற்றில் ஒன்பதாவது பாடத்தையும் பொருளியலில் வரிகள் பாடத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் படித்துவிட்டாய். நேர்முக வரி, மறைமுக வரி வித்தியாசம் கேட்டால் இந்தக் கதையிலிருந்தே எழுதலாம். ஓமலூர்க் கடையில் பிஸ்கட் வாங்கும்போது நீ கட்டுவது மறைமுக வரி. கடைக்காரர் வருமான வரி கட்டினால், கட்டினால்தான், அது நேர்முக வரி.

● வருஷங்களை எப்படி நினைவில் வைப்பது? டைம்லைன் என்றாலே காய்ச்சல் வருகிறது.
– மாணவி, ஓமலூர்

எல்லா வருஷத்தையும் பிடிக்காதே, நாலைந்து ஆணி அடித்துக்கொள். மற்றவை அதில் தொங்கும். சேலத்தை மட்டும் வைத்தே ஒரு டைம்லைன் போடலாம், பார்: 1917ல் ராஜாஜி சேலம் நகரசபைத் தலைவர். 1920ல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் சேலம் சி.விஜயராகவாச்சாரியார். 1925ல் திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமம். 1937ல் மதுவிலக்கு. 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது.

இப்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேசத்தை வை. 1917ல் சம்பாரண். 1920ல் அதே நாக்பூரில் ஒத்துழையாமைத் தீர்மானம் உறுதியானது. 1937ல் மாகாணத் தேர்தல். அதற்கு வழிவிட்டது 1935 சட்டம். 1944க்கு இரண்டு வருஷம் முன்னால் வெள்ளையனே வெளியேறு. நடுவில் 1930 உனக்கு ஏற்கெனவே தெரியும். காய்ச்சல் குறைந்ததா?

● மேப்பில் மும்பையைக் கடலில் வைத்துவிட்டேன். சார் சிரித்தார். வழி சொல்லுங்கள்.
– மாணவன், மேச்சேரி

நீ பரவாயில்லை, கடலோரமாவது போயிருக்கிறாய்.

மேப் கையில் வந்ததும் பென்சிலால் லேசாக இரண்டு கோடு போடு. குறுக்கே கடக ரேகை, 23°30' வடக்கு. நெடுக்கே இந்தியத் திட்ட நேரத் தீர்க்கக் கோடு, 82°30' கிழக்கு. இரண்டும் சத்தீஸ்கரில் வெட்டிக்கொள்ளும். அகமதாபாத், போபால், ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா நாலும் கடக ரேகைக்குக் கொஞ்சம் கீழே கிட்டத்தட்ட ஒரே வரிசையில் நிற்கும். இந்த நாலு வந்துவிட்டால் மற்ற ஊர்களை இவற்றுக்கு மேலே, கீழே என்று வைத்துக்கொண்டே போகலாம். வேலை முடிந்ததும் கோட்டை அழித்துவிடு.

தமிழ்நாட்டு மேப்பில் நம் பக்கத்துப் பிள்ளைகளே செய்கிற தப்பு ஒன்று உண்டு. ஒகேனக்கல்லில் நுழைந்த காவிரியை நேராகத் தஞ்சாவூருக்கு ஒரு சாய்வுக்கோடாக இழுத்துவிடுகிறார்கள். ஆறு ஓமலூர், சேலம், ஆத்தூர் வழியாக ஓடுகிறது! ஓடினால் நன்றாகத்தான் இருக்கும், நாம் ஏன் குடிநீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப்போகிறோம். மேட்டூரிலிருந்து காவிரி தெற்கே பவானிக்கு இறங்கி, ஈரோடு தாண்டித்தான் மெல்லக் கிழக்கே திரும்புகிறது. ஓமலூருக்குச் சேர்வராயன் மலை கொடுத்தது சரபங்கா நதி. அதில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தவர்கள் எனக்கு எழுதலாம்.

● கனிமங்கள் எங்கே கிடைக்கும் என்ற பட்டியல் குழம்புகிறது. மேக்னசைட், பாக்சைட், மேக்னடைட், எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறது.
– மாணவி, கருப்பூர்

கருப்பூரில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறாய்? சேலத்துக்குப் பஸ்ஸில் போகும்போது வெள்ளைவெளேரென்று தெரிகிறதே வெள்ளைக்கல், அதுதான் மேக்னசைட். இரும்பு உருக்கும் உலையின் உள்சுவருக்குச் சூடு தாங்கும் செங்கல் வேண்டும். அதற்குத்தான் அது போகிறது. மேக்னடைட் இரும்புத்தாது, கஞ்சமலை. பாக்சைட் அலுமினியத் தாது, சேர்வராயன் மலை. அந்த பாக்சைட்டுக்கு மேட்டூரில் ஏன் அலுமினிய ஆலை வைத்தார்கள் என்று யோசி. அலுமினியம் பிரிக்க மின்சாரம் கொட்டிக் கொடுக்க வேண்டும். மின்சாரம் இருந்த இடம் அணை. தொழிற்சாலையின் அமைவிடத்தைத் தீர்மானிக்கும் காரணிகள் என்று கேட்டால் மூலப்பொருள், மின்சக்தி, போக்குவரத்து என்று வெறுமனே எழுதாமல் இந்த உதாரணத்தை ஒரு வரி சேர்.

● தீரன் சின்னமலை எங்கள் ஊர்க் கோட்டையில் தூக்கிலிடப்பட்டவர். அவரைப் பற்றிக் கேட்டால் நான் ஆறு பக்கம் எழுதுவேன்.
– மாணவன், சங்ககிரி

தெரியும், அதுதான் பயமாக இருக்கிறது. ஆடிப்பெருக்கில் கேட்ட பேச்சையெல்லாம் எழுதி வைப்பாய். பரீட்சைக்கு வேண்டியது இவ்வளவுதான்: இயற்பெயர் தீர்த்தகிரி, பிறப்பு 1756. மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே இருக்கும் சின்னமலை பறித்ததாகச் சொல் என்று அனுப்பியது. பிறகு அதே மைசூரின் திப்புவோடு சேர்ந்து கம்பெனியை எதிர்த்தது. இந்தத் திருப்பத்தை எழுதாமல் விடாதே. 1800ல் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கும் திட்டம் கைகூடாதது. காவிரிக்கரை, ஓடாநிலை, அரச்சலூர்ச் சண்டைகள். சமையல்காரர் காட்டிக்கொடுத்தது. 1805 ஜூலை 31, சங்ககிரி. ஒன்றரைப் பக்கம். மிச்ச நாலரைப் பக்கத்தை ஊர்ப் பேச்சுப்போட்டிக்கு வைத்துக்கொள்.

● ரயத்துவாரி முறை 1820 என்று புத்தகத்தில் படித்தேன். 1792லேயே நம் பக்கத்தில் வந்துவிட்டது என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?
– மாணவி, தீவட்டிப்பட்டி

ஒன்றுக்கொன்று சண்டையே இல்லை. 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு இழந்த பகுதிகளில் பாராமகாலும் சேலமும் அடக்கம். அதை நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக வந்த இளம் அதிகாரி தாமஸ் மன்றோ தர்மபுரியில் தங்கி, நிலம் நிலமாக அளந்து, உழுகிறவனிடமே நேராக வரி வாங்கும் முறையைப் பழகினார். அந்த மன்றோ 1820ல் சென்னை மாகாண கவர்னராக வந்து அதை மாகாணத்துக்கே விதியாக்கினார். ஒரு மார்க்குக்கு 1820. பெரிய விடை என்றால் இரண்டையும் எழுது. அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்.

● பிள்ளைகளில் சிலருக்கு 35 எடுப்பதே மலை. சமூக அறிவியலில் குறுக்கு வழி உண்டா?
– ஓர் ஆசிரியை, காடையாம்பட்டி

குறுக்கு வழி இல்லை டீச்சர், நேர் வழியிலேயே சுலபமான பகுதி இருக்கிறது. மொத்தம் 27 பாடம். அதில் குடிமையியலும் பொருளியலும் ஐந்தைந்து, சின்னவை. புத்தகத்தின் பின்பக்க ஒரு மார்க், மேப், காலக்கோடு மூன்றும் கைப்பழக்கம். மெல்லக் கற்கிற பிள்ளைக்கும் வரும். அதற்கு மேல் பத்துப் பெரிய கேள்வியை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வாக்கியம், அவர்கள் வாயால் சொன்ன தமிழில், நீங்கள் எழுதிக் கொடுங்கள். 'ஏகாதிபத்திய வல்லரசுகளின் காலனியாதிக்கப் போட்டி' என்பதை எழுதத் திணறுகிற பையன், 'இங்கிலாந்தும் பிரான்சும் முன்னாடியே நாடுகளைப் பிடித்துவிட்டன, ஜெர்மனி பின்னாடி வந்து எனக்கு எங்கே என்று கேட்டது' என்று அழகாகச் சொல்லிவிடுகிறான். அதற்கு மார்க் உண்டா என்றால், உண்டு. விடைக்குறிப்பில் இருக்கும் கருத்து தாளில் இருக்கிறதா என்பதுதான் பார்வை. ஒத்துழையாமை, இரட்டை ஆட்சி, அடிப்படை உரிமை மாதிரிப் பாடச்சொற்களை மட்டும் மாற்றாமல் எழுதப் பழக்குங்கள்.

● முன்னுரை, முடிவுரை எழுதினால் கூடுதல் மார்க் கிடைக்குமா?
– மாணவன், தாரமங்கலம்

'மனித வரலாற்றில் போர்கள் பல நிகழ்ந்துள்ளன' என்று தொடங்குவாய், அப்படித்தானே? அது முதல் உலகப்போருக்கும் பொருந்தும், பாரதப் போருக்கும் பொருந்தும். '1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் சுட்டுக்கொல்லப்பட்டது உடனடிக் காரணம். ஆழ்ந்த காரணங்கள் அதற்கு முன்பே இருந்தன' என்று ஆரம்பி. அடுத்த வரியில் கூட்டணிகள்: ஒரு பக்கம் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி, எதிர்ப்பக்கம் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா. அதற்கடுத்து 1871ல் ஜெர்மனியிடம் போன அல்சேஸ்-லொரைனை பிரான்ஸ் மறக்காதது. பிறகு மொராக்கோ, பால்கன். முடிந்ததும் நிறுத்து.

● எங்கள் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.தான் எஸ்.எஸ்.எல்.சி. இப்போது இருப்பதெல்லாம் பரீட்சையா?
– ஒரு தாத்தா, ஓமலூர்

உங்கள் எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பில் இருந்தது ஐயா. 1978ல் பிளஸ் டூ வந்தபோது பத்தாம் வகுப்புக்கு இறங்கியது. உங்களுக்கு ஒரு வருஷம் கூடுதல். பேரனுக்கு 1991 தாராளமயம், 1995 உலக வர்த்தக அமைப்பு, 2017 ஜி.எஸ்.டி. எல்லாம் கூடுதல், நீங்கள் படித்தபோது அவை நடக்கவே இல்லை. சரிக்குச் சரி.

● 2021ல் பரீட்சை இல்லாமலே ஆல் பாஸ் போட்டார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சோதனை?
– மாணவன், மேச்சேரி

2020லும் போட்டார்கள். ஆனால் அதற்கு ஒரு கொள்ளைநோய் வர வேண்டியிருந்தது. மூன்று மணி நேரம் எழுதிவிட்டு வருவதே மேல்.

● வாட்ஸ்அப்பில் 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்' என்று வருகிறதே, நம்பலாமா?
– மாணவி, ஓமலூர்

அனுப்பியவருக்குக் கேள்வித்தாள் தெரிந்திருந்தால் அவர் இந்நேரம் உள்ளே இருப்பார். முந்தைய வருஷக் கேள்வித்தாள்களை வாங்கிப் பார், எது அடிக்கடி வருகிறது என்பது உனக்கே தெரிந்துவிடும்.

● பரீட்சை அன்று காலையில் பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம்?
– ஓர் அம்மா, தாரமங்கலம்

இட்லி. தட்டுவடை செட் வேண்டாம். சட்னியோடு கேள்வித்தாளில் கை வைப்பான்.

● எழுதிய விடை தப்பு என்று தோன்றினால் அடித்துவிட்டு மறுபடி எழுதலாமா?
– மாணவன், கருப்பூர்

ஒரு விடையை ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு எழுதலாம். அதற்காகக் கடைசி மணிக்கு முன்னால் கோபத்தில் விடைத்தாள் முழுவதையும் அடித்துவிட்டு வராதே. 'ஃபெயில் ஆகி அடுத்த தடவை நிறைய வாங்கிக்கொள்கிறேன்' என்று அப்படிச் செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள். தேர்வுத்துறை அதை ஒழுங்கீனமாகப் பார்க்கிறது. அடுத்த பரீட்சைக்கே உட்கார முடியாமல் போகும்.

● சமூக அறிவியல்தான் எங்களுக்குக் கடைசிப் பரீட்சை. வெளியே வந்ததும் கேள்வித்தாளை வைத்து எவ்வளவு வரும் என்று கூட்டிப் பார்க்கலாமா?
– மாணவன், ஓமலூர்

கூட்டாதே. கேள்வித்தாளை மடித்துப் பையில் போடு, நண்பர்களோடு மேட்டூர் பஸ் ஏறு. பூங்காவைப் பார், மீன் வறுவல் சாப்பிடு. அணை 1934ல் திறக்கப்பட்டது, முழு நீர்மட்டம் 120 அடி என்று எவனாவது ஆரம்பித்தால், அவன் பங்கு மீனையும் நீயே எடுத்துக்கொள்.